டேனியல் கோர்மியரின் மல்யுத்தப் பின்னணியைப் படிப்பது எப்படி? எம்.எம்.ஏ. பார்க்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பி மகன் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) பார்க்க ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்து பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2014-இல் டேனியல் கோர்மியரும் டான் ஹெண்டர்சனும் மோதியது. கோர்மியர் எதிராளியின் முதுகுப் பக்கம் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "ஏன் பெரியப்பா, குத்தாம சும்மா கட்டிப்பிடிச்சுட்டே நிக்கிறாரு?" என்றான். ஆட்டத்தை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, "அவர் கையைப் பார்க்காதே. ஹெண்டர்சன் எந்தக் காலில் எடையை வைத்திருக்கிறார் என்று மட்டும் பார்" என்றேன். மறுபடி ஓடவிட்டதும் முன்னால் சாய்ந்தான். இடுப்பைக் கட்டிய கை அசையவே இல்லை. ஆனால் ஹெண்டர்சனின் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிய அந்தக் கணத்தில் கோர்மியரின் இடுப்பு உள்ளே புகுந்தது. அடுத்து ஹெண்டர்சன் காற்றில் இருந்தார். "அட, இது குஸ்தி!" என்றான்.

அன்றிலிருந்து அவன் ஆட்டம் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒளிபரப்பில் வீரரின் பெயருக்குக் கீழே 'மல்யுத்தம்' என்று ஒரு வார்த்தை போடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பதினைந்து இருபது வருட உழைப்பு இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் ஆட்டத்தில் பாதி விளங்கிவிடும். படித்துப் பழக கோர்மியரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம், சிறு கல்லூரி, பெரிய பல்கலைக்கழகம், தேசிய அணி, ஒலிம்பிக் என்று அமெரிக்க மல்யுத்தத்தின் எல்லாப் படிகளிலும் ஏறியவர் அவர். பிறகு எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனமான யூ.எஃப்.சி.யில் இரண்டு எடைப் பிரிவுகளின் சாம்பியன் பெல்ட்டையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார்.

ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே தேவைப்படும்.

முதலில், எந்த மல்யுத்தம் என்று கேளுங்கள்

மல்யுத்தம் என்பது ஒரே விளையாட்டு அல்ல. எம்.எம்.ஏ. வீரர்களின் பின்னணியில் அடிக்கடி வருபவை மூன்று வகை.

ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது இரண்டு. கிரீக்கோ-ரோமனில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் இடறவும் கூடாது. மார்போடு மார்பு மோதி, தூக்கி எறிவதுதான் அதன் உயிர். ஃப்ரீஸ்டைலில் காலையும் பிடிக்கலாம். சுசில் குமார், யோகேஷ்வர் தத், சாக்ஷி மாலிக் எல்லாரும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது ஃப்ரீஸ்டைலில்தான். எதிராளியின் முதுகைத் தரைப்பக்கம் திருப்பிக் காட்டினாலே அதில் புள்ளி கிடைக்கும். கீழே போனவர் குப்புறப் படுத்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும், நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடுவார்.

மூன்றாவது வகை நம்மில் பலர் கேள்விப்படாதது. பெயர் ஃபோக்ஸ்டைல். அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடுவது இது. எம்.எம்.ஏ.வைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியம் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஃபோக்ஸ்டைலில் கேள்வியே வேறு: யார் யாரை அடக்கி வைத்திருக்கிறார்? எதிராளியைக் கீழே தள்ளி மேலே ஏறினால் டேக்டவுன். கோர்மியர் கல்லூரியில் ஆடியபோது அதற்கு 2 புள்ளி, 2023-24 பருவத்திலிருந்து 3. கீழே இருப்பவர் எப்படியாவது பிய்த்துக்கொண்டு எழுந்துவிட்டால் அவருக்கு 1 புள்ளி. கீழே இருந்தபடியே நிலைமையைப் புரட்டி மேலே வந்தால் 2. இதற்கெல்லாம் மேல் ரைடிங் டைம் என்று ஒரு கணக்கு உண்டு. மேலே இருந்த நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். எதிராளியைவிட ஒரு நிமிடம் அதிகமாக அடக்கி வைத்திருந்தால் கடைசியில் 1 புள்ளி சேரும்.

இந்த விதி ஒரு பையனின் உடம்பில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பதினான்கு வயதிலிருந்து தினமும் மாலை, 'எழுந்து ஓடப் பார்ப்பவனை மறுபடி மறுபடி கீழே கொண்டுவா' என்று பழக்கினால், அது அவன் தூக்கத்திலும் வரும். கீழே மாட்டினால் படுத்துக் கிடக்காமல் உடனே எழவும் அதே பயிற்சி பழக்குகிறது. எம்.எம்.ஏ. நடக்கும் கம்பிவேலிக் கூண்டுக்குள் வேண்டியதும் இதே இரண்டுதான். எழுபவரைத் திரும்பக் கீழே கொண்டுவருவதை மேட் ரிட்டர்ன் என்பார்கள். என் தம்பி மகன் 'சும்மா கட்டிப்பிடிச்சுட்டே' என்று சொன்னது அதைத்தான்.

ஆகவே நோட்டில் முதல் வரி: கோர்மியர் பள்ளியிலும் கல்லூரியிலும் ஃபோக்ஸ்டைல், அதன்பின் சர்வதேச அளவில் ஃப்ரீஸ்டைல். முதலாவது அவருக்கு அடக்கி வைக்கும் பழக்கத்தைக் கொடுத்தது, இரண்டாவது ஆளைத் தூக்கி எடுக்கும் துணிச்சலை. கல்லூரிப் போட்டியில் ஆளைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தால் தவறு, தண்டனை உண்டு. ஃப்ரீஸ்டைலிலோ உயரத் தூக்கி எறிந்தால் கூடுதல் புள்ளி.

பட்டியலைக் கீழிருந்து மேலே படியுங்கள்

வீரரின் சாதனைப் பட்டியலில் பெரிய பதக்கத்தைத்தான் மேலே எழுதியிருப்பார்கள். நீங்கள் அடியிலிருந்து தொடங்குங்கள்.

கோர்மியர் 1979-இல் லூசியானா மாநிலத்தின் லஃபாயெட் நகரில் பிறந்தவர். நார்த்சைட் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது மூன்று முறை மாநிலச் சாம்பியன். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, அந்த மாநிலத்தில் மல்யுத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். அயோவா, பென்சில்வேனியா, ஓக்லஹோமா மாதிரி இடங்களில் மல்யுத்தம் ஊர்த் திருவிழா மாதிரி. லூசியானாவில் அமெரிக்கக் கால்பந்துதான் ராஜா. அங்கே மாநிலச் சாம்பியன் ஆனாலும் பெரிய பல்கலைக்கழகங்களின் கண்ணில் படுவது கடினம்.

அதனால்தான் அடுத்த வரி கான்சாஸில் இருக்கும் கோல்பி கம்யூனிட்டி கல்லூரி. இவை இரண்டு வருடக் கல்லூரிகள். மல்யுத்த உலகில் இவற்றை 'ஜூகோ' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஜூகோ பட்டத்தைத் துச்சமாக நினைக்காதீர்கள். பெரிய இடங்களில் வாய்ப்புக் கிடைக்காத, மதிப்பெண் குறைந்த, வசதியில்லாத, ஆனால் உடம்பில் வெறி இருக்கும் பையன்கள் கூடும் இடம் அது. கோர்மியர் 1998, 1999 என்று இரண்டு வருடமும் அங்கே தேசியச் சாம்பியன். ஜான் ஜோன்ஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள். அவரும் ஜூகோ சாம்பியன்தான், 2006-இல். பிற்பாடு வருவார்.

அடுத்த படி ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம். இது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் டிவிஷன். கல்லூரி மல்யுத்தத்தில் இதற்கு மேலே ஒன்றும் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டியில், பத்து எடைப் பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் முதல் எட்டு இடம் பிடிப்பவர்களை 'ஆல் அமெரிக்கன்' என்பார்கள். ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் இதைப் பார்த்தால், அந்த ஆண்டு நாட்டின் முதல் எட்டுப் பேரில் ஒருவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஓக்லஹோமா ஸ்டேட்டில் அப்போது பயிற்சியாளர் ஜான் ஸ்மித். 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ராண்டி கூட்டூர், டான் ஃப்ரை, மார்க் முன்யோஸ், ஜானி ஹெண்ட்ரிக்ஸ் என்று எம்.எம்.ஏ.வுக்கு வந்த பலர் அந்தப் பயிற்சிக்கூடத்தில் வியர்வை சிந்தியவர்கள். ஒருவர் எந்தக் கூடத்தில் பழகினார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். தினமும் யாரோடு மோதிப் பழகினார் என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.

யாரிடம் தோற்றார்?

பட்டங்களை எண்ணுவது எல்லாரும் செய்வது. எனக்கு வீரரைக் காட்டிக்கொடுப்பது தோல்விப் பட்டியல். புதிதாகப் பார்ப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

2001 மார்ச்சில் நடந்த என்.சி.ஏ.ஏ. போட்டியில் 184 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 83.5 கிலோ பிரிவில் கோர்மியர் இறுதிக்கு வந்தார். தோற்றார். வெறும் 'இரண்டாம் இடம்' என்று எழுதிவிட்டுப் போனால் ஒன்றும் விளங்காது. எதிரே நின்றவர் அயோவா ஸ்டேட்டின் கேல் சாண்டர்சன். நான்கு ஆண்டுக் கல்லூரி வாழ்க்கையில் 159 போட்டிகளில் வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை, நான்கு தேசியப் பட்டம். முதல் டிவிஷன் வரலாற்றில் இப்படி இன்னொருவர் இல்லை. கோர்மியர் கல்லூரியில் அவரிடம் ஆறு முறை தோற்றார். ஒரே ஆளிடம், ஆறு முறை!

அந்த இறுதிப் போட்டியின் காணொளி இணையத்தில் கிடைக்கும். பாருங்கள். சாண்டர்சனின் கை எதிராளியின் குதிகாலுக்கு எவ்வளவு எளிதாக இறங்குகிறது என்று கவனியுங்கள். அதற்குப் பதிலாகக் கோர்மியர் எப்படி விடாமல் முன்னால் வந்துகொண்டே இருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது பின்வாங்காத அந்தக் குணத்தைப் பதினான்கு வருடம் கழித்து, யூ.எஃப்.சி. 187 என்ற நிகழ்ச்சியில் அந்தோனி ஜான்சனின் வலது கைக் குத்தில் விழுந்து எழுந்த கோர்மியரிடம் மறுபடியும் பார்ப்பீர்கள். அன்று மூன்றாவது சுற்றில் ஜான்சனின் கழுத்தைப் பின்னாலிருந்து நெரித்துப் பட்டத்தை வாங்கினார்.

சரி, கல்லூரிக்கு அப்புறம்? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 96 கிலோ ஃப்ரீஸ்டைலில் நான்காம் இடம். அரையிறுதியில் ரஷ்யாவின் ஹஜிமுராத் கட்சாலோவிடம் தோற்றார். கட்சாலோவ் அந்த ஒலிம்பிக்கின் தங்கப் பதக்க வீரர். வெண்கலத்துக்கான போட்டியில் ஈரானின் அலிரேசா ஹைதரியிடம் தோற்றார். அதே ஏதென்ஸில் 84 கிலோவில் தங்கம் வென்றவர் யார் தெரியுமா? சாண்டர்சன். கோர்மியரை வென்றவர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். உலகத்தின் உச்சியில் இருந்தவர்களின் பெயர்கள்தான் வரும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2003-இல், பிறந்து மூன்று மாதமே ஆன தன் பெண் குழந்தையைக் கார் விபத்தில் பறிகொடுத்திருந்தார். சாதனைப் பட்டியலில் இதெல்லாம் வராது. ஏதென்ஸின் 'நான்காம் இடம்' என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

2005-இல் சைபீரியாவின் க்ராஸ்னோயார்ஸ்கில் நடக்கும் இவான் யாரிகின் போட்டியை வென்றார். ரஷ்யர்கள் ஒரே எடையில் கூட்டமாக இறங்கும் போட்டி அது. வெளிநாட்டவர் வென்றுவிட்டு வருவது அபூர்வம். 2007-இல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம்.

அந்தக் காலத்து முடிவுகளைத் தேடிப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்போது ஃப்ரீஸ்டைலில் மூன்று நிமிடச் சுற்று இரண்டு, புள்ளிகளை மொத்தமாகக் கூட்டுவார்கள். 2005-லிருந்து 2012 வரை அப்படி இல்லை. இரண்டு நிமிடச் சுற்று மூன்று, அதில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். ஒரு சுற்றில் யாருமே புள்ளி எடுக்காவிட்டால் பையிலிருந்து வண்ணப் பந்து எடுத்து, யார் நிறம் வருகிறதோ அவர் எதிராளியின் காலைப் பிடித்தபடி ஆட்டத்தைத் தொடங்குவார். எத்தனையோ வருட உழைப்பு ஒரு பந்தின் நிறத்தில் போய் நின்றது. அதனால் 2007 முடிவுகளில் '1-0, 0-1, 2-1' என்று பார்த்தால் மந்தமான ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எடையைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்

கோர்மியர் கல்லூரியில் 83.5 கிலோ, சர்வதேசப் போட்டியில் 96, எம்.எம்.ஏ.வில் முதலில் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு), அப்புறம் 93 கிலோ, கடைசியில் மறுபடி ஹெவிவெயிட். இந்த எண்களை அடுத்தடுத்து எழுதினாலே ஒரு கதை தெரியும். உயரம் 180 செ.மீ.தான். அகலமான உடம்பு. எடை ஏறும் வாகு.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு அமெரிக்க ஃப்ரீஸ்டைல் அணியின் கேப்டனாகப் போனார். எடையை அளவுக்கு மீறிக் குறைத்ததில் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரு பிடிகூடப் போடாமல் விலக நேர்ந்தது. நாம் அந்த ஒலிம்பிக்கை வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். சுசில் குமார் 66 கிலோவில் வெண்கலம் வாங்கியது அதே பெய்ஜிங்கில்தான். கோர்மியரின் அணியில் இருந்த ஹென்றி செஹுடோ 55 கிலோவில் தங்கம் வென்றார். கேப்டன் மருத்துவமனையில் படுத்திருந்தார்.

எடை என்பது எண் இல்லை, உடம்பு என்று நமக்குப் புரியவைத்தவர் வினேஷ் போகட். 2024 பாரிஸில் 50 கிலோ இறுதிப் போட்டி நாளன்று காலை 100 கிராம் அதிகமாக இருந்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இரவெல்லாம் அவர் பட்ட பாட்டைப் படித்தவர்களுக்குக் கோர்மியரின் பெய்ஜிங்கை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னணி தெரிந்தால் எம்.எம்.ஏ.வில் அவர் எடுத்த முடிவுகள் விளங்கும். 2009-இல் தொடங்கும்போதே எடையைக் குறைக்கத் தேவையில்லாத ஹெவிவெயிட்டில் இறங்கினார். பின்னால் 93 கிலோவுக்கு இறங்கியதற்குக் காரணம், ஹெவிவெயிட் பட்டம் அவரோடு சான் ஹோசேயில் ஒரே கூடத்தில் பயிற்சி எடுத்த நண்பர் கெயின் வெலாஸ்கஸிடம் இருந்தது. நண்பனோடு மோத மாட்டேன் என்பதற்காக, ஒருமுறை தன்னை மருத்துவமனைக்கு அனுப்பிய அதே காரியத்தை மறுபடி செய்ய ஒப்புக்கொண்டார். இதை அறிந்த பிறகு அவருடைய எடை பார்க்கும் காணொளிகளை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

உங்கள் உடம்பால் ஒருமுறை செய்து பாருங்கள்

இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடம் போதும். தரையில் ஒரு பாயோ மெத்தையோ விரித்துக்கொள்ளுங்கள்.

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, ஒரு காலை அரை அடி முன்னால் எடுங்கள். முழங்காலை மடக்குங்கள், முதுகு நேராக இருக்கட்டும், முழங்கை இரண்டும் விலாவை ஒட்டி. இந்த நிலையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தொடை எரியும். மல்யுத்த வீரர் ஆறேழு நிமிடம் இதே நிலையில் நகர்ந்துகொண்டே மோதுகிறார்.

இப்போது தலையைக் குனியாமல் இடுப்பை மட்டும் இறக்குங்கள். இதற்கு லெவல் சேஞ்ச் என்று பெயர். புதியவர்கள் எல்லாரும் இடுப்பை விட்டுவிட்டுத் தலையைக் குனிவார்கள். எதிரே ஒருவர் நின்றால் அந்தத் தலையை அப்படியே அமுக்கி உங்களைக் குப்புறத் தள்ளிவிடுவார். இடுப்பு இறங்கியதும் முன்காலை ஒரு எட்டு உள்ளே வையுங்கள், எதிராளியின் இரண்டு பாதங்களுக்கு நடுவில் என்று கற்பனை செய்துகொண்டு. முன் முழங்கால் லேசாகத் தரையைத் தொட்டு நழுவட்டும், பின்கால் சட்டென்று முன்னால் வந்து பாதம் ஊன்றட்டும்.

இதன் மேல்தான் கோர்மியரின் அடையாளமான பிடி நிற்கிறது. பெயர் ஹை க்ராட்ச். உள்ளே போனதும் ஒரு கை எதிராளியின் கால்களுக்கு நடுவே புகுந்து, தொடையை முடிந்த அளவு உயரத்தில் கட்டும். தலை அந்தத் தொடையின் வெளிப்பக்கம், இடுப்பை ஒட்டி நிமிர்ந்து நிற்கும். சிங்கிள் லெக் என்ற பிடியில் தலை உட்பக்கம் இருக்கும். வித்தியாசம் இதுதான். தொடையை உயரத்தில் கட்டியதால் எதிராளியின் எடை முழுவதும் உங்கள் தோள் மேல், உங்கள் இடுப்புக்கு நேராக வந்துவிடும். அப்புறம் கையால் தூக்க வேண்டியதில்லை. நிமிர்ந்தால் போதும், ஆள் எழுந்துவிடுவான். குள்ளமான ஆளுக்கு இது வரம், ஏற்கெனவே எதிராளியின் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறான்!

இதில் ஆபத்தும் உண்டு. தலை வெளிப்பக்கம் இருப்பதால் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு நெரிக்க எதிராளிக்கு வழி கிடைக்கும். மல்யுத்தத்தில் நெரிக்கக் கூடாது என்பதால் அங்கே கவலையில்லை. கூண்டில் உண்டு. அதனால்தான் கோர்மியர் தலையை நிமிர்த்தி விலாவில் அழுத்தியே வைத்திருப்பார். நீங்கள் இதை ஆளில்லாமல் மட்டும் செய்து பாருங்கள். நண்பனைத் தூக்கிப் பார்க்கும் ஆசை வந்தால், பயிற்சியாளரும் மேட்டும் இருக்கும் கூடத்துக்குப் போய்விடுங்கள். கழுத்து விஷயத்தில் விளையாடக் கூடாது.

இனி கூண்டுக்குள்

இப்போது ஆட்டங்களைப் பாருங்கள். வரிசை முக்கியம், நான் சொல்லும் வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் 2014 மே மாதம் நடந்த யூ.எஃப்.சி. 173. எதிராளி டான் ஹெண்டர்சன், 1992, 1996 என்று இரண்டு ஒலிம்பிக்கில் கிரீக்கோ-ரோமன் ஆடியவர். உங்கள் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்: கிரீக்கோவில் காலைப் பிடிக்கக் கூடாது, ஃப்ரீஸ்டைலில் பிடிக்கலாம். கோர்மியரின் கை எங்கே போகிறது என்று பார்த்தால் இந்த ஆட்டம் பாடமே நடத்திவிடும். மூன்றாவது சுற்றில் கழுத்தை நெரித்து முடித்தார். ஹெண்டர்சனுக்கு அப்போது 43 வயது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது 2015 அக்டோபர், யூ.எஃப்.சி. 192, அலெக்சாண்டர் குஸ்டாஃப்சன். எதிராளி கோர்மியரைவிட 16 செ.மீ. உயரம். முதல் சுற்றின் தொடக்கத்திலேயே அவரை அப்படியே தூக்கி அறைவதைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு முன் பாயில் நீங்கள் செய்த அதே அசைவு. ஆனால் அதோடு ஆட்டம் முடியவில்லை, ஐந்து சுற்றும் போய் நடுவர்கள் பிரிந்து தீர்ப்பளித்தார்கள். மல்யுத்தக்காரர் ஆளைத் தூக்கிவிட்டாலே வென்றுவிட்டார் என்ற நினைப்பு இங்கே உடையும்.

மூன்றாவதாக 2015 ஜனவரி, யூ.எஃப்.சி. 182, ஜான் ஜோன்ஸ். தேதிப்படி முன்னால் நடந்தது, ஆனால் பாடத்தில் மூன்றாவது. பட்டியலை மட்டும் பார்த்தால் ஒலிம்பிக் வீரருக்கும் ஜூகோ சாம்பியனுக்கும் நடந்த மோதல். மல்யுத்தத்தில் யார் வெல்ல வேண்டும்? ஆனால் எம்.எம்.ஏ.வில் கோர்மியரை முதன்முதலாகக் கீழே தள்ளியவர் ஜோன்ஸ்தான். ஐந்து சுற்று முடிவில் மூன்று நடுவர்களும் ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். ஏன்? ஜோன்ஸின் கை வீச்சு 215 செ.மீ., கோர்மியருடையது 184. டேக்டவுனுக்குப் போக முதலில் கைக்கெட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். மல்யுத்த மேட்டில் எதிராளியும் பிடிக்கத்தான் வருவான், தூரம் தானாகக் குறையும். இங்கே அந்தத் தூரம் முழுக்க முழங்கையும் உதையும் காத்திருக்கின்றன. இன்னொன்று கம்பிவேலி. ஃப்ரீஸ்டைலில் எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளினால் ஒரு புள்ளி. இங்கே வெளியே என்பதே கிடையாது. வேலியில் முதுகைச் சாய்த்து விழாமல் நிற்கலாம். ஒருவர் வேலியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்கு நோட்டில் தனி வரி ஒதுக்குங்கள்.

கடைசியாக 2018 ஜூலை, யூ.எஃப்.சி. 226, ஸ்டிப்பே மியோசிச். கோர்மியர் ஹெவிவெயிட் பட்டத்தையும் வாங்கிய ஆட்டம். முதல் சுற்றிலேயே நாக் அவுட். "இதில் மல்யுத்தம் எங்கே இருக்கிறது, குத்தில்தானே முடிந்தது?" என்று கேட்பீர்கள். கடைசி பத்து விநாடியை நான்கைந்து முறை மெதுவாக ஓட்டுங்கள். இருவரும் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, அக்குளுக்கு அடியில் கை விடப் போட்டி போடுகிறார்கள். மல்யுத்தத்தில் தினமும் செய்யும் வேலை அது. எதிராளியின் உடல் எந்தப் பக்கம் தள்ளுகிறது, எப்போது தளர்கிறது என்று நெஞ்சும் முன்கையும் உணரும், கண் தேவையில்லை. பிரியும் அந்தக் கணத்தில் மியோசிச்சின் கை இறங்குகிறது, கோர்மியரின் வலது கை ஏறுகிறது.

அதனால் புள்ளிவிவரங்களை எச்சரிக்கையாகப் பாருங்கள். எத்தனை டேக்டவுன், எவ்வளவு நேரம் அடக்கி வைத்தார் என்ற எண்கள் யூ.எஃப்.சி.யின் தளத்திலேயே கிடைக்கும். ஹெண்டர்சன் ஆட்டத்தில் அவை கதையைச் சொல்லும். மியோசிச் ஆட்டத்தில் சொல்லாது.

இதே முறையில் அடுத்தவர்

கோர்மியரை முடித்ததும் நோட்டைத் திருப்பி இன்னொருவரை எடுங்கள். செஹுடோவிலிருந்து தொடங்கினால் ஒரு நல்ல சோதனை: அவர் பட்டியலில் கல்லூரி வரியே இருக்காது. பள்ளியிலிருந்து நேராக ஃப்ரீஸ்டைலுக்குப் போனவர். கமாரு உஸ்மான் கல்லூரிச் சாம்பியன், ஆனால் இரண்டாம் டிவிஷனில், 2010-இல். அந்த வித்தியாசம் கூண்டில் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். யோயல் ரொமேரோ கியூபாவின் ஃப்ரீஸ்டைல் வீரர், 2000 சிட்னியில் வெள்ளி. பிராக் லெஸ்னர் 2000-இல் என்.சி.ஏ.ஏ. ஹெவிவெயிட் சாம்பியன், அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் ஸ்டீபன் நீலிடம் தோற்றவர். ஹபீப் நுர்மகோமெதோவை எடுத்தால் முதல் கேள்விக்கே பதில் மாறும்: அவர் பட்டம் வென்றது காம்பாட் சாம்போ என்ற ரஷ்யச் சண்டைக்கலையில், அங்கே பிடியோடு அடியும் உண்டு.

அப்புறம் போ நிக்கல். மூன்று முறை என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷன் சாம்பியன், 2017, 2018, 2019. படித்தது பென் ஸ்டேட்டில். அங்கே அவருடைய பயிற்சியாளர், 2001 இறுதியில் கோர்மியரைத் தோற்கடித்த அதே கேல் சாண்டர்சன். நிக்கல் எம்.எம்.ஏ.வில் முதன்முதலாகத் தோற்றது 2025 மே மாதம், ரைனியர் டி ரிடரிடம், வயிற்றில் வாங்கிய முழங்கால் அடியால். நிக்கலின் பக்கத்தை அந்த ஆட்டத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.